குறைதர அணிகளை வளைபரப்பின் மேல் நடந்து தேடுதல்: படிப்படியான முழு வழிகாட்டி

முதல் நிரையில் 1, 2 என்ற எண்கள். இரண்டாம் நிரையில் 3, அதன் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். இந்த 2×2 அணியின் தரம் 1 என்று மட்டும் யாராவது சொல்லிவிட்டால், காலிக் கட்டத்தில் 6 தவிர வேறெந்த எண்ணும் அமர முடியாது. தரம் 1 என்றால் அணிக்கோவை பூச்சியம். எனவே காலிக் கட்டத்து எண்ணை 1 ஆல் பெருக்கினால் 2×3 வந்தாக வேண்டும். இதே கணக்கை 4,80,189 நிரைகளும் 17,770 நிரல்களும் கொண்ட அணிக்குப் போட வேண்டுமென்றால் என்ன செய்வது? 2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசுடன் அறிவித்த போட்டியின் தரவு அந்த அளவுதான். ஏறத்தாழ 853 கோடிக் கட்டங்களில், பார்வையாளர்கள் மதிப்பெண் போட்டிருந்தவை 10,04,80,507 மட்டுமே, நூற்றுக்கு 1.2 கூடத் தேறாது. மனிதர்களின் ரசனையைச் சில காரணிகளைக் கொண்டே பெருமளவு விளக்கிவிடலாம் என்று கொண்டால், அந்த அணி சிறிய தரம் கொண்ட ஓர் அணிக்கு அருகில் இருக்க வேண்டும், அதைக் கொண்டு காலிக் கட்டங்களை ஊகிக்கலாம்.

‘தரம் குறைந்த அணி’ என்றதும் மட்டமான சரக்கு என்று எண்ண வேண்டாம். பாடநூல்களில் வரும் ‘அணியின் தரம்’தான் இது, குழப்பம் வராதிருக்க, இங்கே ‘குறைதர அணி’ என்றே எழுதுகிறேன். எஸ்விடி எனப்படும் சிங்குலர் மதிப்புப் பிரிப்பும், பல மாறிகளில் சாய்வு காண்பதும் தெரிந்தவர்கள் இதைப் பின்தொடரலாம். வகைக்கெழு வடிவியல் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, தேவைப்படும் இரண்டு மூன்று கருத்துகளை வழியிலேயே பார்த்துக்கொள்வோம்.

வளைபரப்பு எங்கிருந்து வருகிறது

2×2 அணியில் நான்கு எண்கள் உள்ளன. எனவே அது நான்கு பரிமாண வெளியில் ஒரு புள்ளி. தரம் 1 என்ற நிபந்தனை ஒரே ஒரு சமன்பாடு, அதனால் அத்தகைய அணிகள் எல்லாம் சேர்ந்து அந்த வெளிக்குள் மூன்று பரிமாணப் பரப்பாக அமைகின்றன. பூச்சிய அணி மட்டும் அந்தப் பரப்பின் கூம்பு முனை. அதன் தரம் 0 என்பதால் அதை விலக்கிவிட்டால், மிச்சமுள்ள பரப்பு எங்கும் முனையோ மடிப்போ இல்லாமல் வழவழப்பாக இருக்கும். பொதுவாகவும் இதேதான். குறிப்பிட்ட அளவும் குறிப்பிட்ட தரமும் கொண்ட அணிகளின் தொகுதி ஒரு மேனிஃபோல்ட், அதாவது வழவழப்பான வளைபரப்பு ஆகும். அதன் பரிமாணம் தரம் × (நிரைகள் + நிரல்கள் − தரம்). நெட்ஃபிளிக்ஸ் அளவுக்குத் தரம் 10 என்று வைத்தால் இது 49,79,490. முழு அணியை எட்டு பைட் எண்களாக வைக்க 68 ஜிபி நினைவகம் வேண்டும். இந்த வடிவில் 40 எம்பி போதும்.

இந்தப் பரப்பைத் தொடாமல் போகும் வழிகளும் உண்டு. தரத்துக்குப் பதிலாகச் சிங்குலர் மதிப்புகளின் கூட்டலைச் சிறிதாக்கும் குவி உகமமாக்கல் அவற்றில் ஒன்று. சில நிபந்தனைகளின் கீழ் அது அணியை அப்படியே மீட்டுத்தரும் என்று கான்டெஸும் ரெக்ட்டும் 2009இல் நிறுவினார்கள். கோட்பாட்டில் அழகான வழி அது. ஆனால் நேரடியாகச் செயல்படுத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் பெரிய எஸ்விடி தேவைப்பட்டு, அளவு கூடக் கூட மூச்சு வாங்கும். அணியை உயரமான ஒரு மெல்லிய அணி, அகலமான ஒரு மெல்லிய அணி என்று இரண்டின் பெருக்கலாக எழுதி, இரண்டையும் மாறிகளாக எடுத்துக்கொள்வது இன்னொரு வழி. இதில் ஓர் இடக்கு உண்டு. இடது காரணியை 2 ஆல் பெருக்கி வலது காரணியை 2 ஆல் வகுத்தாலும் பெருக்கல் மாறாது; இன்னும் பொதுவாக, நேர்மாறு உள்ள எந்தச் சிறிய அணியையும் நடுவே நுழைத்து அதன் நேர்மாறால் ஈடுகட்டலாம். அதனால் தீர்வு தனிப்புள்ளியாக நிற்காமல், எல்லையில்லாமல் நீளும் ஒரு பரப்பாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு காரணி ஊதிப்போய் மற்றது சுருங்கிப்போனால் சாய்வுமுறை தள்ளாடும்.

அணியையே பரப்பின் மேல் ஒரு புள்ளியாகக் கொண்டால் இந்தத் தொல்லை எழாது. செங்குத்து நிபந்தனை உள்ள அணிகளுக்கு இந்தப் பார்வையை எடெல்மன், அரியாஸ், ஸ்மித் மூவரும் 1998இல் ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். குறைதர அணி நிரப்புதலுக்கு வாண்டரைக்கன் 2013இல் வெளியிட்ட முறையையே கீழே படிப்படியாக எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கும் முதலில் கற்க வேண்டிய முறை அதுதான் என்பது என் கருத்து.

படி 1: புள்ளியைச் சேமிக்கும் விதம்

அணியை ஒருபோதும் முழுதாக எழுதக் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும். அணியை மூன்று துண்டுகளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றுக்கொன்று செங்குத்தான அலகு நிரல்கள் கொண்ட இடது காரணி (இதை ‘இ’ என்போம்), அதேபோன்ற வலது காரணி (‘வ’), நடுவில் சிங்குலர் மதிப்புகள் அடங்கிய மூலைவிட்ட அணி (‘ச’). இவை எஸ்விடியின் மூன்று பகுதிகளேதான். நான் முதன்முதலில் இதை நிரலாக எழுதியபோது, சோதனைக்காகச் சேர்த்த ஒரே ஒரு வரி மூன்றையும் பெருக்கி 20,000×20,000 அணியை உருவாக்கிவிட்டது. அது 3.2 ஜிபி, மடிக்கணினி அப்படியே உறைந்து நின்றது. வடிவியல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அப்படி ஒரு வரி போதும், எல்லாம் பாழ்.

படி 2: பிழையும் அதன் சாய்வும்

தெரிந்த கட்டங்களில் நம் ஊகத்துக்கும் தரவுக்கும் உள்ள வேறுபாடுகளின் வர்க்கக் கூட்டலில் பாதியே நாம் சிறிதாக்க வேண்டிய சார்பு. வழக்கமான வெளியில் அதன் சாய்வு மிக எளியது: தெரிந்த கட்டங்களில் ‘ஊகம் கழித்தல் தரவு’, தெரியாத கட்டங்களில் பூச்சியம். இதை எச்ச அணி என்போம். தெரிந்த கட்டங்களுக்கு மட்டும் இ-யின் நிரையையும் வ-வின் நிரையையும் ச வழியாகப் பெருக்கிக் கூட்டினால் போதும். ஒரு கட்டத்துக்கு ஆகும் வேலை தரத்தின் அளவுதான். இதைச் சுழிகள் நீக்கிச் சேமிக்கும் ஸ்பார்ஸ் வடிவில் வையுங்கள். கட்டங்களின் இடங்கள் கடைசிவரை மாறப்போவதில்லை என்பதால் அட்டவணையை ஒருமுறை அமைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எண்களை மட்டும் மாற்றினால் நேரம் நிறைய மிச்சமாகும்.

படி 3: தொடுவெளியில் வீழல்

எச்ச அணி காட்டும் திசையில் நேராக நடந்தால் பரப்பை விட்டு விலகிவிடுவோம். ஆகவே நிற்கும் புள்ளியில் பரப்பைத் தொடும் சமதளத்தை, அதாவது தொடுவெளியைக் கண்டு, எச்சத்தின் வீழலை, அதாவது அதில் செங்குத்தாக விழும் நிழலை எடுக்க வேண்டும். அந்த வீழலே பரப்பின் மேலான சாய்வு.

தொடுவெளியில் உள்ள எந்தத் திசையையும் மூன்று பகுதிகளாக எழுதலாம். இருக்கும் இ, வ இரண்டையும் மாற்றாமல் நடு அணியை மட்டும் மாற்றும் பகுதி ஒன்று. இ-யைப் புதிய திசைக்குச் சாய்க்கும் பகுதி இன்னொன்று. வ-வைச் சாய்க்கும் பகுதி மூன்றாவது. விட்டுப்போவது ஒரே ஒரு வகை மாற்றம்தான்: இடது பக்கமும் புதிது, வலது பக்கமும் புதிது. அத்தகைய மாற்றம் தரத்தைக் கூட்டிவிடும். அதையே வீழல் நீக்குகிறது.

கணக்கிடும் வரிசை இது. எச்சத்தை வ-வால் பெருக்குங்கள். எச்சத்தின் நிரைநிரல் மாற்றை இ-யால் பெருக்குங்கள். இரண்டும் மெல்லிய அணிகள். முதல் பெருக்கலின் முன்னால் இ-யின் நிரைநிரல் மாற்றை வைத்துப் பெருக்கினால் நடுப்பகுதி கிடைக்கும். அது தரம்×தரம் அளவுள்ள சிறிய அணி. பிறகு முதல் பெருக்கலிலிருந்து ‘இ பெருக்கல் நடுப்பகுதி’யைக் கழித்தால் இடதுசாய்வு, இரண்டாம் பெருக்கலிலிருந்து ‘வ பெருக்கல் நடுப்பகுதியின் நிரைநிரல் மாற்று’ என்பதைக் கழித்தால் வலதுசாய்வு. இந்தக் கழித்தலின் பயன், இடதுசாய்வு இ-க்கும் வலதுசாய்வு வ-வுக்கும் செங்குத்தாக அமைவதே. அதனால் இரண்டு திசைகளின் உட்பெருக்கலை, மூன்று பகுதிகளின் உட்பெருக்கல்களைத் தனித்தனியே கண்டு கூட்டியே பெற்றுவிடலாம்.

படி 4: அடியின் நீளம், பரப்புக்குத் திரும்புதல்

எவ்வளவு தூரம் நடப்பது என்பதற்கு இந்தச் சார்பில் நல்ல ஊகம் இலவசமாகக் கிடைக்கிறது. தொடுவெளியில் நேராக நடப்பதாகக் கொண்டால், பிழை நீளத்தைப் பொறுத்து வெறும் இருபடிச் சார்பு. திசைக்கும் எச்சத்துக்கும் தெரிந்த கட்டங்களில் உள்ள உட்பெருக்கலை, அதே கட்டங்களில் திசையின் வர்க்கக் கூட்டலால் வகுத்துக் குறியை மாற்றினால் நீளம் வந்துவிடும். பெரும்பாலான சுற்றுகளில் இதுவே போதும். பிழை போதிய அளவு இறங்கவில்லை என்றால் மட்டும் நீளத்தைப் பாதியாக்கி மறுபடி பாருங்கள்.

நடந்த பின் கிடைக்கும் அணியின் தரம் இரண்டு மடங்கு வரை ஆகியிருக்கலாம். அதைப் பரப்புக்கு மீட்டுக் கொண்டுவரும் செயலுக்கு ரிட்ராக்‌ஷன் என்று பெயர். மிக அருகிலுள்ள குறைதர அணி எது என்பதற்கு எக்கார்ட்டும் யங்கும் 1936இல் விடை எழுதிவைத்துவிட்டார்கள்: எஸ்விடி எடுத்து, பெரிய சிங்குலர் மதிப்புகளை மட்டும் தரத்தின் எண்ணிக்கைக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிட வேண்டும். முழு அணிக்கு எஸ்விடி தேவையில்லை என்பதே இங்குள்ள நயம். இடதுசாய்வுக்கும் வலதுசாய்வுக்கும் க்யூஆர் பிரிப்பு எடுங்கள், அதாவது ஒவ்வொன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான அலகு நிரல்கள் கொண்ட ‘க்யூ’, சிறிய மேல்முக்கோண அணியான ‘ஆர்’ இரண்டின் பெருக்கலாக எழுதுங்கள். நான்கு கட்டமாக ஒரு சிறிய அணி கட்டுங்கள்: மேல் இடதில் ‘ச கூட்டல் நடுப்பகுதி’, கீழ் இடதில் இடதுசாய்வின் ஆர், மேல் வலதில் வலதுசாய்வின் ஆர்-இன் நிரைநிரல் மாற்று, கீழ் வலதில் பூச்சியம், நடுப்பகுதியையும் இரு ஆர்-களையும் அடியின் நீளத்தால் முன்பே பெருக்கியிருக்க வேண்டும். தரம் 10 என்றால் இது 20×20 அணி; கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் எஸ்விடி முடிந்துவிடும். அதில் வரும் காரணிகளை இ-யும் இடப்பக்க க்யூவும் பக்கம் பக்கமாகச் சேர்ந்த அணியாலும், அதேபோல் வலப்பக்கத்திலும் பெருக்கினால் புதிய இ, ச, வ மூன்றும் தயார்.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் இது மனத்தில் படியும். நம் 2×2 புதிருக்குத் திரும்புவோம். தொடக்கப் புள்ளியாக முதல் கட்டத்தில் 1, மற்ற மூன்றிலும் 0 என்று எடுத்துக்கொள்வோம். தெரிந்த மூன்று கட்டங்களின் பிழை வர்க்கக் கூட்டல் 0+4+9, அதாவது 13. இங்கே இ, வ இரண்டும் முதல் அச்சுத் திசையே. ஆகவே தொடுவெளியில் உள்ள எல்லாத் திசைகளிலும் நான்காம் கட்டம் பூச்சியம். இறங்குதிசை: மேல் வலதில் 2, கீழ் இடதில் 3. சூத்திரம் தரும் நீளம் சரியாக 1. நடந்தால் முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 3, 0. தெரிந்த கட்டங்கள் அத்தனையும் பொருந்திவிட்டன, ஆனால் தரம் 2 ஆகிவிட்டது. இதன் சிங்குலர் மதிப்புகள் 3.26, 1.84. சிறியதை வெட்டினால் முதல் நிரை 1.47, 0.45, இரண்டாம் நிரை 2.75, 0.83. பிழை 13இலிருந்து 2.70 ஆகிவிட்டது. யாரும் தொடாத நான்காம் கட்டத்தில் 0.83 முளைத்திருப்பதைக் கவனியுங்கள். சமதளத்திலிருந்து பரப்புக்கு இறங்கியபோது அதன் வளைவு கொடுத்தது அது.

அடுத்த சுற்றில் இன்னும் சுவையான ஒன்று நடக்கிறது. எச்ச அணியின் நான்காம் கட்டம் இப்போதும் பூச்சியம்தான், அங்கே தரவே இல்லையே. ஆனால் தொடுவெளி இப்போது சாய்ந்துவிட்டது. எச்சத்தின் வீழலை அதில் எடுத்துக் குறியை மாற்றினால், மேல் நிரையில் −0.10, 0.32, கீழ் நிரையில் 0.05, 0.66 என்று திசை கிடைக்கிறது. நான்கிலும் வலுவான உந்துதல், தகவலே இல்லாத கட்டத்துக்கு! நீளம் 4.90 என்று சூத்திரம் சொல்கிறது. நடந்தால் முதல் நிரை 1, 2, இரண்டாம் நிரை 3, 4.08. மறுபடி வெட்டினால் 1.26, 1.82, 2.89, 4.16, பிழை 0.11. இரண்டே சுற்றில் 13 எங்கே, 0.11 எங்கே, காலிக் கட்டமும் 0, 0.83, 4.16 என்று 6ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. பிழையை மட்டும் பார்த்து இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் விடை தப்பு என்பதையும் கூடவே பாருங்கள். தெரிந்த கட்டங்களில் பிழை சிறிதாவதும் தெரியாத கட்டங்கள் சரியாவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை.

படி 5: பழைய திசையையும் துணைக்கு அழைத்தல்

வெறும் சாய்வுத் திசையில் மட்டும் நடந்தால் குறுகிய பள்ளத்தாக்குகளில் இடமும் வலமுமாக மோதிக்கொண்டே போவோம். கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை, முந்தைய திசையின் ஒரு பங்கைப் புதியதோடு கலந்து இதைத் தவிர்க்கும். ஆனால் முந்தைய திசை முந்தைய புள்ளியின் தொடுவெளியைச் சேர்ந்தது. அதைப் புதிய புள்ளியின் திசையோடு அப்படியே கூட்டுவது அர்த்தமற்றது. புதிய தொடுவெளியில் அதன் வீழலை எடுத்துக்கொண்டு பிறகு கூட்டுங்கள். பழைய திசையும் மெல்லிய காரணிகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால் இதற்கும் முழு அணி தேவைப்படாது. கலக்கும் பங்குக்கு, புதிய சாய்வையும் பழைய சாய்வையும் ஒப்பிட்டு அதைக் கணக்கிடும் போலாக்–ரிபியே சூத்திரத்தைப் பயன்படுத்தி, அது எதிர்மறை ஆனால் பூச்சியமாக்கிவிடுங்கள். கிடைக்கும் திசை சாய்வோடு ஏறத்தாழச் செங்குத்தாகிவிட்டால், பழையதை மறந்து சாய்விலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

படி 6: ஓட்டுவதற்கு முன் ஒரு சோதனை

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள் நாள்கணக்கில் தவிக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். ஏதாவது ஒரு புள்ளி, ஏதாவது ஒரு தொடுதிசை எடுத்துக்கொண்டு, மிகச் சிறிய நீளத்தில் நடந்து பரப்புக்குத் திரும்புங்கள். சார்பின் உண்மையான மாற்றத்துக்கும், சாய்வு முன்கூட்டிச் சொன்ன மாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் வேறுபாடு நூறில் ஒன்றாக வேண்டும். பத்தில் ஒன்றாக மட்டும் குறைந்தால் சாய்வு தவறு. என் நிரலில் வலதுசாய்வைக் கணக்கிடும்போது நடுப்பகுதியின் நிரைநிரல் மாற்றை எடுக்க மறந்திருந்தேன். முறை அப்போதும் ஓடியது, பிழையும் இறங்கியது, ஆனால் ஓரளவுக்கு மேல் நகராமல் நொண்டியது. நான் தரவின் மேல் பழிபோட்டுக்கொண்டிருந்தேன். இந்தச் சோதனை குற்றவாளியை ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்தது.

எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மேட்லாப்பில் மேன்ஆப்ட், பைத்தானில் பைமேன்ஆப்ட் ஆகிய திறந்த மூலத் தொகுப்புகளில் நிலையான தரம் கொண்ட அணிகளின் பரப்பு ஆயத்தமாக உள்ளது. சார்பையும் அதன் சாய்வையும் மட்டும் தந்தால் போதும். மேன்ஆப்ட்டில் மேற்சொன்ன சோதனைக்கும் கருவி இருக்கிறது. எச்சத்தை ஸ்பார்ஸ் வடிவில் தருவது மட்டும் உங்கள் பொறுப்பு. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: தரவில் இரைச்சல் அதிகம், இரண்டு இலக்கத் துல்லியம் போதும் என்றால், இரு காரணிகளையும் மாறிமாறி மீச்சிறு வர்க்க முறையில் தீர்க்கும் பழைய உத்தியே உங்கள் வேலையை முடித்துவிடும். அதிகத் துல்லியம் தேவைப்படும்போதுதான் வளைபரப்பு முறை தன் பலத்தைக் காட்டுகிறது.

தொடக்கப் புள்ளியும் தரமும்

தெரியாத கட்டங்களில் பூச்சியம் நிரப்பி, தெரிந்தவற்றின் விகிதத்தால் வகுத்து, அந்த ஸ்பார்ஸ் அணியின் முதல் சில சிங்குலர் வெக்டர்களை எடுத்துத் தொடங்குவது நல்ல வழக்கம். அதற்கும் முன்பு, விடை கிடைக்கவே வாய்ப்புள்ளதா என்று பாருங்கள். தெரிந்த கட்டங்களின் எண்ணிக்கை பரப்பின் பரிமாணத்தைவிடக் குறைவாக இருந்தால் எந்த முறையாலும் அணியை மீட்க முடியாது. மொத்தத்தில் போதுமான கட்டங்கள் இருந்தும், ஏதாவது ஒரு நிரையில் தரத்தின் எண்ணிக்கைக்குக்கூட எண்கள் இல்லையென்றால், அந்த நிரையை மட்டும் நம்ப முடியாது. எல்லாக் கட்டமும் பூச்சியமாக, ஒரே ஒரு கட்டத்தில் எண் உள்ள அணியும் தரம் 1தான். அந்தக் கட்டம் மறைந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பார் யார்? தகவல் ஓரிடத்தில் குவியாமல் பரவியிருந்தால்தான் இந்த முறைகள் பலிக்கும்.

தரத்தைத் தேர்ந்தெடுப்பதே கடைசித் தலைவலி. தேவைக்கு மேல் தரம் வைத்தால், மிகச் சிறிய சிங்குலர் மதிப்பு பூச்சியத்தை நோக்கிச் சரியும். நம் பரப்பு அங்கே மூடிய பரப்பு அல்ல: மூலைவிட்டத்தில் 1, 0.1, பிறகு 1, 0.01, பிறகு 1, 0.001 என்று போகும் அணிகள் எல்லாம் தரம் 2, ஆனால் அவை போய்ச் சேரும் இடம் தரம் 1. அந்த விளிம்பை நெருங்க நெருங்கப் பரப்பின் வளைவு, மிகச் சிறிய சிங்குலர் மதிப்பின் தலைகீழாகப் பெருகும். அடிகள் குட்டையாகி முறை இழுபறியாகிவிடும். சிங்குலர் மதிப்புகள் பூச்சியத்தை நெருங்கினாலோ எல்லையின்றிப் பெருகினாலோ அபராதம் விதிக்கும் ஒரு சிறு உறுப்பைச் சார்போடு சேர்ப்பது ஒரு பரிகாரம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கீழிருந்து ஏறுவது. தெரிந்த கட்டங்களில் நூற்றுக்கு ஐந்தை எடுத்து ஒளித்துவையுங்கள். தரம் 1 இல் தொடங்கி முறையை ஓட்டி முடியுங்கள். எச்ச அணியின் முதல் சிங்குலர் வெக்டர் இணையை எடுத்து, தெரிந்த கட்டங்களில் பிழை அதிகம் குறையும் நீளத்துக்கு, குறியை மாற்றி, இருக்கும் தீர்வோடு சேருங்கள். தரம் 2 இன் தொடக்கப் புள்ளி அதுவே. இப்படி ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகையில், ஒளித்துவைத்த கட்டங்களில் பிழை குறைவதை நிறுத்திக் கூடத் தொடங்கினாலோ, ச-வின் கடைசி எண் முதல் எண்ணோடு ஒப்பிடும் அளவில் இல்லாமல் போனாலோ, ஒரு படி கீழிறங்கி அந்தத் தீர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.